தடைக்காலத்துக்கு ஒரு ஆர்கான் மெஷின்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீனுக்கு அது இனப்பெருக்கக் காலம். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பட்டறைகளுக்கு அதுதான் சீசன். பத்து மாதம் தள்ளிப்போட்டதெல்லாம் அந்த இரண்டு மாதத்தில் வந்து குவியும். விரிசல் விட்ட தண்ணீர் டேங்க், உப்பில் அரித்த கைப்பிடிக் கம்பி, ஒழுகும் ஹைட்ராலிக் பைப், உடைந்த இன்ஜின் கவர். கத்திரி வெயிலும் அதே இரண்டு மாதத்துக்குள்தான் வரும். வெல்டிங் மெஷினைப் பற்றி எழுத வந்தவள் வெயிலைப் பேசுகிறேனே என்று நினைக்க வேண்டாம், இந்த மெஷினைத் தேர்ந்தெடுத்ததில் பாதிப் பங்கு வெயிலுக்கு.

எங்களுடையது சின்னப் பட்டறை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போகும் வழியில், லாரி திரும்ப முடியாத ஒரு சந்து. அப்பா கேஸ் வெல்டிங்கில் ஆரம்பித்தவர். இப்போது காலையில் வந்து பேப்பர் படித்து, எல்லார் வேலையிலும் ஒரு குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். கணக்கும் கொள்முதலும் என் பொறுப்பு. நான் டிப்ளமோ மெக்கானிக்கல். வெல்டிங் எல்லாம் எங்கள் மேஸ்திரிதான், கூட ஒரு பையன். ஆர்க் வெல்டிங்குக்குப் பழைய டிரான்ஸ்பார்மர் செட் இருக்கிறது. ஆர்கான் வேலை, அதாவது டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரியவைத்து, காற்று படாமல் ஆர்கான் வாயுவால் மூடி ஒட்டும் டிக் வெல்டிங், வந்தால் வெளியே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். மற்ற மாதங்களில் அது ஓடிவிடும். தடைக்காலத்தில் ஓடாது. வெளிப் பட்டறைக்காரர் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் நம்முடையதைத் தொடுவார், படகு முதலாளியோ தினமும் காலையில் நம் வாசலில் நிற்பார். சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவானது அப்படித்தான்.

கடைக்குப் போவதற்கு முன் பழைய பில் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதை எல்லாருக்கும் சொல்வேன். எந்த மெஷின் நல்லது என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பெயர் வரும், நம்மிடம் என்ன வேலை வருகிறது என்று நம் பில் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். பெரும்பாலும் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை, அதுவும் 1.2 மில்லிமீட்டர் கனத்திலிருந்து 3 மில்லி வரை. டிபன் கடை இட்லிப் பாத்திரம், டீக்கடை பாய்லர், படகின் கைப்பிடிக் கம்பி. அதற்கு அடுத்து அலுமினியம். நான் நினைத்ததைவிட நிறையவே இருந்தது. லாரி இன்டர்கூலர், ரேடியேட்டர் டேங்க், பைக் இன்ஜின் கவர், துறைமுகத்துக்கு வந்துபோகும் கன்டெய்னர் வண்டிகளின் சாமான்கள், அப்புறம் பிரியாணி அண்டாவான தேக்சா. வடசென்னையில் இருந்துகொண்டு தேக்சா கணக்கை விட்டுவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை காது உடைந்தால் திங்கட்கிழமை காலை நம் வாசலில் இருக்கும்.

இந்த அலுமினியக் கணக்குதான் மெஷினின் வகையை முடிவு செய்கிறது. எம்.எஸ். எனும் சாதாரண இரும்பு, எஸ்.எஸ்., செம்பு எல்லாம் டி.சி.யில், ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தில், ஒட்டும். அலுமினியத்துக்கு, திசை மாறி மாறி ஓடும் ஏ.சி. வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேலே எப்போதும் மூடியிருக்கும் ஆக்சைடு தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். டி.சி.யில் சாதாரணமாக ஒட்டப் போனால் உள்ளே தண்ணீராகிவிடும், மேலே தோல் கிழியாமல் நிற்கும். ஏ.சி.யில் மின்சாரம் திசை மாறும்போது ஒரு பாதி அந்தத் தோலை உடைத்துச் சுத்தம் செய்கிறது, மறு பாதி உருக்குகிறது. ஒட்டின இடத்தின் இரண்டு பக்கமும் வெள்ளையாகப் பூத்தது மாதிரி ஒரு கோடு தெரியுமே, அது அந்தச் சுத்தம்தான். ஆகவே அலுமினியம் வருகிற பட்டறைக்கு டி.சி. மட்டும் உள்ள மெஷின் பாதி மெஷின். அலுமினியமே வராத பட்டறைக்கு ஏ.சி./டி.சி. வாங்குவது வீண் செலவு. விலை இரண்டு மடங்குக்கும் மேலே போகிறது.

லிங்கிச் செட்டித் தெருவின் மெஷின் கடைகளில் ஏறி இறங்கினால் பெட்டிகளின் மேல் ஒரே மாதிரி எழுத்துகளைப் பார்க்கலாம். டபிள்யூ.எஸ். என்றால் டி.சி. மட்டும். டபிள்யூ.எஸ்.எம். என்றால் டி.சி.யும் பல்ஸும் (ஆம்பியர் மாறி மாறி ஏறி இறங்குவது). டபிள்யூ.எஸ்.இ. என்றால் ஏ.சி.யும் டி.சி.யும். டபிள்யூ.எஸ்.எம்.இ. என்றால் மூன்றும். சீனத் தயாரிப்புகளுக்கு அவர்கள் நாட்டில் வைக்கிற குறியீடு இது, பின்னால் வருகிற 200, 315 எல்லாம் உச்ச ஆம்பியர். இது தெரிந்திருந்தால் கடைக்காரர் டி.சி. பெட்டியைக் காட்டி "அலுமினியமும் போகும் மேடம்" என்று சொல்லும்போது சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு நடக்கலாம். எனக்கு அப்படி ஒருவர் சொன்னார். நடந்தேன்.

நான் கடைசியில் வாங்கியது ஒற்றை பேஸில் ஓடும் 200 ஆம்பியர் ஏ.சி./டி.சி. பல்ஸ் இன்வர்டர் (வீட்டு பேட்டரி இன்வர்டர் இல்லை, எலெக்ட்ரானிக் போர்டில் ஓடும் லேசான வெல்டிங் மெஷின்). பிராண்ட் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே பெட்டி, அதே குமிழ், அதே கிராபிக்ஸ், ஸ்டிக்கர் மட்டும் வேறாக அந்தத் தெருவிலேயே மூன்று கடையில் பார்த்தேன், பெயரைச் சொல்லி என்ன பயன்? ஈசாப், ஆடார், பிரோனியஸ் போன்ற பெரிய கம்பெனி மெஷின்களையும் விசாரித்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் ஏ.சி./டி.சி. என்று போனால் எங்களைப் போன்ற பட்டறையின் கைக்கு எட்டுகிற விலை இல்லை. நாள் முழுக்க ஒரே வேலையை ஓட்டுகிற பேக்டரிக்கு அது சரி. எங்களிடம் ஆர்க் எரிகிற நேரத்தைவிட கிரைண்டிங்கும் துடைப்பதும், துண்டுகள் நகராமல் புள்ளி புள்ளியாக டேக் வைப்பதும்தான் அதிக நேரம்.

315 ஆம்பியர், மூன்று பேஸ், தண்ணீரில் குளிரும் டார்ச் (கையில் பிடித்து ஒட்டும் பிடி), கீழே சக்கரம் வைத்த வண்டி. இப்படி ஒன்றைக் காட்டி என்னை மயக்கப் பார்த்தார்கள். மேஸ்திரிக்கு அதன் மேல் கண். "பாப்பா, வாங்குறதே வாங்குற, பெர்சா வாங்கிடு" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கனம் ஒரு மில்லிக்கு 40 ஆம்ப் என்பது நம் வட்டாரத்தில் எல்லா வெல்டருக்கும் தெரிந்த தோராயம். 3 மில்லி எஸ்.எஸ்.ஸுக்கு 110, 120 போதும். 200 ஆம்ப்பில் அலுமினியம் 5 மில்லி வரை நன்றாகப் போகும், அதற்கு மேல் கேஸ் டார்ச்சால் முன்சூடு கொடுத்துச் சமாளிக்கலாம். எங்கள் பில் புத்தகத்தில் 6 மில்லிக்கு மேல் அலுமினியம் அபூர்வம். அந்த அபூர்வத்துக்காக மூன்று பேஸ் இணைப்பு, மாதா மாதம் கட்டணம், சந்துக்குள் நகர்த்த முடியாத வண்டி எல்லாம் எதற்கு? இன்னொன்று, படகிலேயே போய் ஒட்ட வேண்டிய வேலை பாதி. ஹார்பருக்குள் தோளில் தூக்கிக்கொண்டு போகிற மெஷின்தான் நமக்கு மெஷின்.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். மெஷினின் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் டியூட்டி சைக்கிள் என்று ஒரு வரி இருக்கும். பத்து நிமிடக் கணக்கு அது. 200 ஆம்ப்பில் 35 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் மூன்றரை நிமிடம் எரிக்கலாம், மீதி நேரம் ஆற வேண்டும். இந்த அளவை 40 டிகிரிச் சூட்டில் எடுக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. சில தகட்டில் 40 டிகிரி என்று போட்டிருக்கும், சிலதில் 25, சிலதில் ஒன்றுமே இருக்காது. மே மாதம் தகரக் கூரைக்கடியில் 25 டிகிரிக்கு எங்கே போவது? 40 என்று எழுதாத மெஷினை நான் தொடவே இல்லை.

தகடு உண்மை சொல்கிறதா என்று கால்குலேட்டரில் பார்க்கவும் வழி உண்டு. ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, சதவீதத்தாலும் பெருக்கினால் எல்லா வரியிலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். நான் வாங்கியதில் 200-க்கு 35 சதவீதம், 153-க்கு 60, 118-க்கு 100 என்று இருந்தது. மூன்றும் ஒத்துப்போனது. அதாவது 118 ஆம்ப் வரை நிறுத்தாமல் ஓடும், எங்கள் 3 மில்லி எஸ்.எஸ். வேலை அதற்குள் அடங்கிவிடுகிறது. இன்னொரு கடையில் 200-க்கு 60, 190-க்கு 100 என்று போட்டிருந்தார்கள். அச்சடித்தவருக்குக் கணக்கு வராது போல.

தடைக்காலத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மதியம் கனமான அலுமினியக் கவரை 190-ல் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும்போது மஞ்சள் விளக்கு எரிந்து ஆர்க் நின்றது. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டீ குடித்துவிட்டு வந்தோம், விளக்கு அணைந்திருந்தது. அதுதான் சரியான நடத்தை. இப்படி நிற்கும்போது ஸ்விட்சை அணைக்கக் கூடாது, விசிறியும் சேர்ந்து நின்றுவிடும், உள்ளே இருக்கிற சூடு உள்ளேயே வேகும். எஸ்.எஸ். வேலையில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கடையில் டெமோ கேட்பவர்கள் எல்லாரும் உச்சத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். 200-ல் எந்த மெஷினும் எரியும். கீழே எப்படி எரிகிறது என்பதில்தான் விஷயம். நான் டி.சி.யில் 10 ஆம்ப்பில் வைக்கச் சொன்னேன். கடைப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். முதல் கடையில் ஆர்க் பிடித்துப் பிடித்து அணைந்தது. இரண்டாவது கடையில் மேஸ்திரி டார்ச்சை வாங்கி, 0.8 மில்லி எஸ்.எஸ். துண்டின் ஓரத்தில் பில்லர் ராடு (உருக்கிச் சேர்க்கும் கம்பி) இல்லாமலே ஒரு கோடு இழுத்தார். ஆர்க் அசையாமல் நின்றது. "சோக்கா கீது பாப்பா, இத்தையே எடு" என்று அங்கேயே சொல்லிவிட்டார். கடைக்காரர் முன்னாலேயே சொன்னதால் பேரம் பேச எனக்கு வாய் இல்லாமல் போனது.

ஆர்க் ஆரம்பிக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும். விலை குறைந்த பெட்டிகளில் லிப்ட் முறை: டங்ஸ்டனை இரும்பில் தொட்டு எடுக்க வேண்டும். எச்.எப்., அதாவது ஹை பிரீக்வென்சி முறையில் தொடவே வேண்டாம், பட்டனை அழுத்தினால் பொறி பாயும். அலுமினியத்துக்கும் சுத்தமான எஸ்.எஸ். வேலைக்கும் எச்.எப். இல்லாமல் சரிப்படாது. ஆனால் அந்தப் பொறி ரேடியோ அலை மாதிரி சுற்றிலும் பரவும். எங்கள் பக்கத்துக் கடையின் எலெக்ட்ரானிக் தராசு, மேஸ்திரி ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் ஒரு துள்ளு துள்ளியது. கடைக்கார அக்கா "இன்னா உங்க மெஷினு, என் ரெண்டு கிலோ வெங்காயத்த மூணு கிலோவாக்குது" என்று சண்டைக்கு வந்துவிட்டார். எர்த் கம்பியைத் தனியாக இறக்கி, கிளாம்ப்பை வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டு, கேபிளைச் சுருட்டி வைக்காமல் நீட்டிப் போட்ட பிறகு அடங்கியது. வண்டியில் ஒட்டும்போது பேட்டரி கம்பியைக் கழற்றிவிடுவது எங்கள் பட்டறை விதி. புது லாரிகளின் கம்ப்யூட்டர் விலையைக் கேட்டால் நமக்கு மயக்கம் வரும்.

கரன்ட் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. அதே 200 ஆம்ப்பில் ராடு எரித்து ஒட்டும் சாதாரண ஆர்க் வெல்டிங்கைவிட ஆர்கான் குறைவாகத்தான் இழுக்கும், ஏனென்றால் ஆர்க்கின் வோல்டேஜ் குறைவு. ஆர்கானில் 18 வோல்ட், ராடில் 28 வோல்ட். ஆகவே 200 ஆம்ப்பில் ஆர்கானுக்கு வெளியே போவது 3.6 கிலோவாட், ராடுக்கு 5.6. இந்தப் பெட்டியிலேயே ராடும் ஓட்டலாம் என்பதால் ஒயரிங்கை ராடுக்குக் கணக்குப் போட்டுத்தான் செய்ய வேண்டும். எலெக்ட்ரீஷியன் பழைய 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரே போதும் என்றார். நான் கேட்கவில்லை. 6 ஸ்கொயர் செம்பு ஒயர், தனி எம்.சி.பி., தனி பிளக். சாயந்தரம் தெருவில் எல்லா வீட்டு ஏர்கண்டிஷனரும் ஓடும்போது எங்கள் வோல்டேஜ் 200-க்குக் கீழே இறங்கும். அப்போதும் மெஷின் ஓடுகிறது, உச்சத்தை மட்டும் தொடுவதில்லை.

மெஷினோடு வந்த டார்ச்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம். 200 ஆம்ப் மெஷினுக்கு 26 வகை டார்ச் கொடுத்திருந்தார்கள், அது சரி. ஆனால் கேபிள் விறைப்பாக, கம்பி மாதிரி நின்றது. படகின் உள்ளே குப்புறப் படுத்து ஒட்டும்போது மணிக்கட்டு போய்விடும். கொஞ்ச நாளில் பட்டனும் சொதப்பியது. செம்புதாஸ் தெருவுக்கு பிளேன்ஜ் வாங்கப் போன கையோடு, சின்ன வேலைக்கு என்று 17 வகை டார்ச் ஒன்று, மெத்தென்ற கேபிளோடு வாங்கிவந்தேன். அது 150 ஆம்ப் வரைதான், அதுவும் டி.சி.யில். ஏ.சி.யில் இன்னும் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். எங்கள் எஸ்.எஸ். வேலை முழுக்க இப்போது அதில்தான். கேஸைச் சீராக்கும் வலையான கேஸ் லென்ஸும், டார்ச்சின் வாயில் மாட்டும் 8 நம்பர் கப்பும் சேர்த்து வாங்கினேன். கப் நம்பர் என்பது அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு, 8 என்றால் அரை அங்குல வாய். லென்ஸ் போட்டால் கேஸ் சிதறாமல் நேராக இறங்கும், டங்ஸ்டனைக் கொஞ்சம் வெளியே நீட்டி மூலையில் நுழைக்கலாம். கடலோரக் காற்றில் இதன் அருமை தெரியும். பட்ஜெட் போடும்போது மெஷினுக்கே எல்லாப் பணத்தையும் வைக்காமல், ஐந்தில் ஒரு பங்கை டார்ச், ரெகுலேட்டர், கருப்புக் கண்ணாடி ஹெல்மெட்டுக்கு ஒதுக்குங்கள்.

டங்ஸ்டனில் சிவப்பு முனை வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். அதில் தோரியம் இருக்கிறது, லேசான கதிரியக்கம் உள்ள பொருள். முனை தீட்டும்போது வரும் தூளைப் பையன் மூச்சில் இழுக்கிறான். நீல முனை, லாந்தனம் கலந்தது, ஏ.சி.க்கும் டி.சி.க்கும் ஒன்றே போதும். 1.6 மில்லியும் 2.4 மில்லியும் வைத்திருக்கிறோம்.

ஆர்கான் சிலிண்டர் பெரியது 47 லிட்டர், 150 பார் அழுத்தத்தில் நிரப்பினால் சுமார் 7 கனமீட்டர். நிமிடத்துக்கு 8 லிட்டர் விட்டால் ஆர்க் எரிகிற நேரம் பதினாலு மணி நேரத்துக்கு மேல் வரும். எங்களுக்கு அவ்வளவு வரவில்லை. கணக்குப் பார்த்ததில், ஒட்டி முடித்த பிறகு ஓடும் போஸ்ட் புளோ தின்றுவிடுகிறது. பத்து ஆம்ப்புக்கு ஒரு நொடி என்பது பொதுவான கணக்கு. சின்னச் சின்ன டேக் வைக்கும்போது ஒவ்வொரு டேக்குக்கும் பத்து நொடி கேஸ் போனால் என்ன ஆகும்? டேக்குக்கு மட்டும் குறைத்து வைக்க மேஸ்திரியைப் பழக்கிவிட்டேன். அவர் மறந்துவிடுவார், பையன் ஞாபகப்படுத்துவான்.

கேஸின் சுத்தம் பற்றிச் சந்தேகம் வந்தால் சோதிப்பது சுலபம். ஒரு சுத்தமான எஸ்.எஸ். துண்டில் ராடு இல்லாமல் ஒரு புள்ளி உருக்கி, டார்ச்சை எடுக்காமல் கேஸ் நிற்கும்வரை அப்படியே வைத்திருங்கள். டங்ஸ்டன் வெள்ளியாக இருந்தால் கேஸும் ஹோஸும் நன்றாக இருக்கின்றன. நீலமாகவோ கருப்பாகவோ மாறினால் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது சிலிண்டரே சரியில்லை. ஒரு முறை புதுச் சிலிண்டர் மாட்டியதும் எல்லாம் கருத்தது. மெஷினைத்தான் முதலில் திட்டினோம். பழைய சிலிண்டரின் மிச்சத்தை மாட்டியதும் பளிச்சென்று வந்தது. சப்ளை செய்தவர் வாதாடிவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

ஆர்கான் காற்றைவிடக் கனம், வாசனையும் கிடையாது. டேங்குக்குள்ளோ படகின் மீன் அறைக்குள்ளோ இறங்கி ஒட்டினால் அது அடியில் தேங்கி, ஆள் மயங்குவதே தெரியாமல் மயங்கிவிடுவார். ஊதுவிசிறியும் மேலே ஓர் ஆளும் இல்லாமல் மேஸ்திரியை உள்ளே இறக்குவதில்லை. இன்னொன்று, அலுமினியத்தைத் துடைக்க பிரேக் கிளீனர் ஸ்பிரேவைத் தொடாதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால் ஆர்க்கின் சூட்டில் பாஸ்ஜீன் என்கிற விஷவாயு வரும். அசிட்டோனும் எஸ்.எஸ். பிரஷும் போதும், அந்த பிரஷை வேறு இரும்புக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஒட்டின தரத்துக்கு வருகிறேன். மெல்லிய எஸ்.எஸ்.ஸில் பல்ஸ் உண்மையிலேயே உதவுகிறது. இட்லிப் பாத்திரத்தின் அடித்தகடு முன்பெல்லாம் நெளிந்துவிடும், பல்ஸில் சூடு குறைவதால் நெளிவு வெகுவாகக் குறைந்தது. 304 வகை எஸ்.எஸ்.ஸுக்கு 308 எல் ராடு, கடல் தண்ணீர் படுகிற 316-க்கு 316 எல். பைப் ஒட்டும்போது உள்பக்கமும் ஆர்கான் விட வேண்டும், விடாவிட்டால் பின்பக்கம் வடகம் மாதிரி கருகிப் பொரிந்துவிடும். வெளியே அழகாக இருக்கும், உள்ளே அங்கிருந்துதான் அரிக்கத் தொடங்கும். இப்படி உள்ளே ஆர்கான் விடும் பர்ஜ் வேலையைச் செய்யாமல் விலை குறைத்துக் கொடுக்கிற பட்டறைகளோடு போட்டி போடுவது கஷ்டம். வாடிக்கையாளருக்கு உள்பக்கத்தைக் காட்டினால் புரிந்துகொள்கிறார்கள்.

அலுமினியத்தில் ஏ.சி. பேலன்ஸ் (சுத்தத்துக்கும் உருக்குவதற்கும் எவ்வளவு பங்கு என்பது), பிரீக்வென்சி (திசை மாறும் வேகம்) இரண்டையும் திருப்ப முடிவது நல்ல வசதி. பிரீக்வென்சியைக் கூட்டினால் ஆர்க் குறுகி, நினைத்த இடத்தில் நிற்கிறது. தேக்சா காது ஒட்ட இது அருமை. தேக்சா மேஸ்திரிக்குப் பிடித்த வேலையாகிவிட்டது, ஏனென்றால் கொண்டுவருபவர் கூலியோடு பார்சலும் கொண்டுவருவார். ஆனால் கடல் தண்ணீரிலும் ஆயிலிலும் ஊறிய பழைய இன்ஜின் கவரை எந்த மெஷினாலும் அழகாக ஒட்ட முடியாது. உருக உருக உள்ளிருந்து அழுக்கு கொதித்து வரும், ஓட்டை ஓட்டையாக நிற்கும். சூடாக்கி, கிரைண்ட் செய்து, மறுபடி ஒட்டி, மறுபடி கிரைண்ட் செய்து என்று பாதி நாள் போகும். அந்த வேலைக்கு, ஆம்பியரைக் காலால் கூட்டிக் குறைக்கும் பெடல் இருந்தால் நல்லது. இந்த மெஷினுக்கு உண்டு, தனியாக வாங்க வேண்டும். வேறு கம்பெனி பெடல் பொருந்தாது என்பதால் மெஷினோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

கடற்காற்று இன்வர்டருக்கு எமன். விசிறி உப்பையும் கிரைண்டிங் தூளையும் சேர்த்து உள்ளே இழுத்து போர்டின் மேல் படியவைக்கும். வாங்கும்போது மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். போர்டின் மேல் வார்னிஷ் பூசியிருந்தது, அதற்காகவே ஒரு பங்கு மதிப்பெண். கிரைண்டர் ஓடுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், இரண்டரை அடி ஸ்டாண்டில் வைத்திருக்கிறோம். உயரத்துக்குக் காரணம் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளம். அப்போது தரையில் இருந்த மோட்டார்களுக்கு என்ன ஆனது என்று இந்தப் பக்கத்துப் பட்டறை எதைக் கேட்டாலும் சொல்வார்கள். மாதம் ஒரு முறை மூடியைத் திறந்து காய்ந்த காற்றால் ஊதிவிடுகிறோம். வாரண்டி ஸ்டிக்கர் மூடியின் மேல் ஒட்டியிருந்ததால், ஊதலாமா என்று டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மற்ற குறைகள்: டிஸ்பிளே வெயிலில் தெரியவே தெரியாது, ஹார்பரில் பையன் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் எண்ணைப் பார்க்கிறான். எர்த் கிளாம்ப் தகரம், முதல் வாரமே பித்தளையில் மாற்றினேன். கையேடு எந்த மொழியில் யோசித்து எழுதப்பட்டது என்று எனக்குப் புரியவில்லை. படம் போட்டிருந்ததால் பிழைத்தோம்.

விலை 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து அறுபதாயிரத்தை ஒட்டி வந்தது. பில் போட்டு வாங்கியதால் வரியைக் கணக்கில் கழித்துக்கொண்டேன். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்றவர்களிடம் வாரண்டியும் இல்லாமல்தான் கிடைக்கும். டி.சி. மட்டும் உள்ள 200 ஆம்ப் பெட்டி இருபதாயிரத்துக்குக் கீழேயே இருந்தது. எஸ்.எஸ். கிரில், கைப்பிடி வேலை மட்டும் செய்பவர்கள் தயங்காமல் அதையே வாங்கலாம், ஆனால் எச்.எப். உள்ளதாகப் பாருங்கள். கம்பெனி ஏலத்தில் வருகிற பழைய டிரான்ஸ்பார்மர் வகை ஆர்கான் செட்டும் ஒன்று வந்தது. சாகாது, ரிப்பேர் செய்வதும் சுலபம். தூக்க நாலு ஆள் வேண்டும், கரன்ட் பில்லும் அதற்கேற்ற மாதிரி. சொந்த இடமும் மூன்று பேஸும் உள்ளவர்கள் யோசிக்கலாம்.

எனக்கு இந்த மெஷினை முடிவு செய்ய வைத்த கடைசி விஷயம் ரிப்பேர். டீலரின் சர்வீஸ் ஆள் பிராட்வேயில் உட்கார்ந்திருக்கிறார், மெயின் போர்டு அங்கேயே ஸ்டாக் இருக்கிறது என்று காட்டினார். வாரண்டி முடிந்தாலும் ரிச்சி தெருவில் அதன் ஐ.ஜி.பி.டி. (உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் பாகம்) கிடைக்கிறது என்பதை நம்பரைக் குறித்துக்கொண்டு போய் விசாரித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். வேறு ஊருக்கு அனுப்ப வேண்டிய மெஷின் என்றால் ஏப்ரல் இருபதாம் தேதி பழுதானால் ஜூனில்தான் திரும்பி வரும், அதற்குள் படகெல்லாம் கடலுக்குப் போயிருக்கும். வாங்க நினைப்பவர்கள் பிப்ரவரியிலேயே வாங்கிவிடுங்கள். மார்ச் முழுக்க பழைய துண்டுகளில் ஓட்டிப் பார்க்கலாம், ஏதாவது கோளாறு இருந்தால் தடைக்காலம் தொடங்குவதற்குள் மாற்றிக்கொள்ளலாம்.